ஆண்கள் பக்கம்

காணும் பொங்கலன்று சாயங்காலம் மரக்காணம் டெண்ட் கொட்டாயில் ஓடிய படத்தைப் பாஞ்சாலை பார்க்கவே இல்லை. ஊரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவளைக் கேலி செய்ய வேண்டாம். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது, இரண்டு பெண் பிள்ளைகள் பொங்கலுக்காக வானூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தார்கள். ஆசையாய்ப் பார்க்கிற வயசெல்லாம் தாண்டிவிட்டது. அவள் பார்த்தது பயத்தில்.

முருகையனுக்குக் கண் போயிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. உப்பளத்தில் இத்தனை வருஷம் வெயிலில் நின்று வெள்ளை உப்பையே பார்த்தவனுக்கு எப்படிப் போகுமோ, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் தூரத்து ஆள் அடையாளம் தெரியவில்லை. பிறகு பக்கத்து ஆளின் முகம் தெரியவில்லை. போன தை மாசத்திலிருந்து வெளிச்சம் என்றால் வெளுப்பு, நிழல் என்றால் கறுப்பு, அவ்வளவுதான். இந்த விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் அவன், இன்னொருத்தி அவள்.

ஏன் மறைத்தார்கள் என்று கேட்டால், அளத்து வேலையின் லட்சணம் அப்படி. அங்கே வேலை ஜோடிக்குத்தான். ஆண் பலகை போட்டு உப்பை வாரி ஒதுக்குவான். பெண் கூடையில் அள்ளிக்கொண்டு போய் வரப்பு மேட்டில் கொட்டுவாள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நின்றால் உப்பு விளைகிற பாத்தி ஒன்று உண்டு. ஒற்றை ஆளுக்குப் பாத்தி கிடையாது. ஜோடி உடைந்த பெண்ணுக்கு எப்போதாவது லாரி வரும் நாளில் மூட்டை தூக்கக் கூப்பிடுவார்கள், அதுவும் மேஸ்திரிக்கு ஞாபகம் இருந்தால். தை நாலாம் நாள் விடியற்காலையில் காசிலிங்கம் மேஸ்திரி வரப்பில் நின்று, இந்தப் பாத்தி இன்ன ஜோடிக்கு என்று கைகாட்டிப் பிரித்துக் கொடுப்பார். அன்றைக்குப் பாத்தி வாங்கியவர்கள் ஐப்பசி மழை வரைக்கும் அடுப்பு மூட்டலாம். வாங்காதவர்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷன் செய்துகொள்வதுதானே என்பீர்கள். அதே அளத்தில் பாத்தி வைத்திருந்த தங்கராசு செய்துகொண்டான். போன வருஷம் இலவச முகாமில் அவன் கண்ணை அறுத்துச் சரியாக்கினார்கள், சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள், பார்வை நன்றாகவே வந்தது. கூடவே டாக்டர், இனி உப்பு வெளிச்சத்தில் நிற்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தை அவனுக்கு முன்னால் மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கராசு இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு யாரோ ஒருத்தர் ஆட்டை மேய்க்கிறான். ஆடெல்லாம் அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அதனால் பாஞ்சாலை வாயாடியானாள். அதற்கு முன்பு அவள் வாயில் வார்த்தையைக் கடப்பாரை போட்டுத்தான் நெம்ப வேண்டும். இப்போது அளத்தில் காலை வைத்தால் மூச்சுவிடாமல் பேசினாள். வெயிலைத் திட்டினாள், நண்டைத் திட்டினாள், நாத்தனாரைத் திட்டினாள். முருகையன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தான், குரல் நின்ற இடத்தில் பலகையைப் போட்டான். பாவம் முருகையன், இந்த வாய்க்கு நடுவில் எப்படித்தான் குப்பை கொட்டுகிறானோ என்று அக்கம்பக்கத்துப் பாத்திக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். ஒரு வருஷம் ஓடிவிட்டது.

பொங்கலன்று வந்தது வினை. கூலிக்காரர்களுக்கெல்லாம் மேஸ்திரி தன் வீட்டு வாசலில் வெற்றிலை பாக்கும் கரும்பும் கொடுத்தார். முருகையன் முறை வந்தபோது தாம்பாளம் ஒரு பக்கம் இருக்க, அவன் கை வேறு பக்கம் போனது. பாஞ்சாலை சட்டென்று குறுக்கே புகுந்து, முதலில் எனக்குக் கொடுங்கள் என்று தானே கையை நீட்டி வாங்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையோடு சேர்த்து இரண்டு சினிமா டிக்கெட்டையும் அவள் கையில் வைத்தார்.

"நாளான்னிக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. முருகையா, எம்பக்கத்துலயே குந்திக்க. சேர்ந்து பாக்கலாம்" என்றார்.

அது தர்மத்துக்காகப் போட்ட காட்சி. ஊர் இளைஞர் மன்றத்துச் செயலாளர் பக்தவச்சலம், சைக்கிள் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன், ஊருக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்காவிட்டால் தூக்கம் வராது. உப்பளத் தொழிலாளர் கண் சிகிச்சை நிதிக்காகப் பண்டிகைச் சிறப்புக் காட்சி என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் அடித்து, கூனிமேடு வரைக்கும் மாட்டு வண்டியில் மைக் வைத்துச் சொல்லியிருந்தார். அளத்து ஆட்களுக்கு டிக்கெட் இலவசம். யாருடைய கண்ணுக்காகப் படமோ அவர்கள் வராமல் இருந்தால் எப்படி? வராதவனைத்தான் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

தீபாவளிக்குப் பாண்டிச்சேரியில் வெளியான படம் அது. மரக்காணம் வந்து சேரப் பொங்கலாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சகாயமேரி அப்போதே பாண்டிச்சேரி போய்ப் பார்த்திருந்தாள். பாஞ்சாலை அவளைப் பிடித்துவைத்துக் கதை கேட்டாள். சகாயமேரி படத்தில் இருந்ததையும் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். அதை அப்படியே கொண்டுவந்து பாஞ்சாலை முருகையனுக்கு ஒப்பித்தாள். தலைதீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளை பலகாரத்துக்குக் காய்ச்சி வைத்த பாகு அண்டாவில் விழுவான், அப்போது கொட்டாயே சிரிக்கும், நீயும் சிரி. கதாநாயகன் வண்டியிலிருந்து குதிப்பான், அப்போது விசிலடி. முருகையன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். நடுவில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கப்போகிற படத்துக்கு இவ்வளவு பாடம் படித்த ஆள் நான் ஒருத்தன்தான் என்றான்.

மற்றபடி கவலையில்லை என்று நினைத்தாள். டெண்ட் கொட்டாயில் தரையில் உட்காருகிறவர்களுக்குத்தான் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம். நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் திரை வரைக்கும் போகும். பின்னால் பெஞ்சு டிக்கெட் எடுத்தால் குடும்பமாக உட்காரலாம். மேல்காசு கொடுத்துப் பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்லிக்கொண்டே இருந்துவிடுவது என்பது அவள் திட்டம். மேஸ்திரி கேட்டால், கீழே குந்தினால் முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் நெஞ்சில் ரிப்பன் குத்திய மன்றத்துப் பையன்கள் நின்றார்கள். பெஞ்செல்லாம் இன்றைக்குப் பெரிய மனுஷர்களுக்கு என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் வருகிறார், வானூரிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், நீங்கள் தரைக்குப் போங்கள். அவள் கெஞ்சுவதற்குள் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. முருகையன் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் பிரிந்தன. உள்ளேயிருந்து மேஸ்திரி, முருகையா, இங்கே என்று கூப்பிட்டது கேட்டது. அவன் அந்தக் குரலை நோக்கி, மடித்துக் கட்டிய வேட்டியோடு, நிமிர்ந்து, ஒரு வித்தியாசமும் தெரியாமல் நடந்து போனான். அவள் பெண்கள் பக்கம் போய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

அங்கிருந்து அவன் தெரிந்தான். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் மேஸ்திரி, இன்னொரு பக்கம் தங்கராசு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விளக்கை அணைத்தார்கள். படம் தொடங்கியது.

ஆரம்பம் நன்றாகவே போனது. கதாநாயகன் வண்டியிலிருந்து குதித்தபோது கொட்டாய் விசிலால் கிழிந்தது. முருகையனும் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தான். திரை வெளிச்சத்தில் மேஸ்திரி அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது பாஞ்சாலைக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. மனுஷர் நம்பிவிட்டார் என்று தோன்றியது. இன்னும் இரண்டு மணி நேரம். விடிந்தால் பாத்தி. மனசுக்குள் திரௌபதியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

தலைதீபாவளி மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குள் நுழைந்தான். அண்டா இருப்பதைப் பார்க்காமல் அவன் பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தபோது திரை பொசுக்கென்று இருண்டது.

இது அந்தக் கொட்டாயில் வாடிக்கைதான். படத்துக்கு வெளிச்சம் கொடுக்கிற கார்பன் குச்சி எரிந்து தீர்ந்துவிட்டது. பார்த்து மாற்ற வேண்டிய ஆப்பரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தான். உள்ளே ரீல் சுற்றிக்கொண்டே இருந்ததால் பேச்சும் பாட்டும் குறையில்லாமல் வந்தன. படம் மட்டும் இல்லை. கொட்டாய் முழுக்க எழுந்து நின்று, பின்னால் திரும்பி, ஆப்பரேட்டர் அறையைப் பார்த்து விசிலடித்தது. அவனுடைய அம்மாவிலிருந்து தொடங்கி வம்சத்தையே திட்டியது. மன்றத்துப் பையன் ஒருத்தன் ஓடிப்போய்த் திரைக்கு மேலே இருந்த டியூப் லைட்டைப் போட்டான். வெள்ளைத் துணி பளிச்சென்றது.

பாஞ்சாலை பார்த்தாள். இருந்த தலையெல்லாம் பின்னால் திரும்பியிருந்தது. மேஸ்திரி எழுந்து நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். தங்கராசும் அப்படியே. அத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒருத்தன் மட்டும் உட்கார்ந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசிலும் கத்தலும் ஒன்றாய்க் கலந்து கேட்டதில், எல்லாம் படத்துக்கென்று நினைத்து அவனும் விசிலடித்தான். முன்னால் வெளுப்பாக இருந்தது, காதில் வசனம் விழுந்தது. படம் ஓடவில்லை என்று நினைக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? ஒலிபெருக்கியில் தடால் என்று அண்டா சத்தம் கேட்டது. முருகையன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

அவளுக்கு ஒன்றுதான் ஓடியது. யாராவது ஒருத்தர் முன்னால் திரும்பினால் போதும். அதற்குள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடலாமா, கல்லை விட்டெறியலாமா என்றெல்லாம் பிறகுதான் யோசித்தாள், ஆயுசு முழுக்க யோசித்தாள். அப்போது யோசிக்கவில்லை. புடவையை வரிந்து பிடித்துக்கொண்டு குட்டைச் சுவரைத் தாண்டி ஆண்கள் பக்கம் குதித்துவிட்டாள்.

அந்தக் கொட்டாய் வந்த நாளிலிருந்து ஒரு பெண்பிள்ளை அந்தச் சுவரைத் தாண்டியதில்லை. சுவர் ஓரத்தில் நின்றவன் ஒருத்தன், ஏய் இன்னாம்மா என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதைப் பார்த்து அடுத்தவர்கள் திரும்பினார்கள். ஆப்பரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்த சத்தம் வரிசை வரிசையாக அடங்கி, ஆண்கள் பக்கம் முழுக்க அவளையே பார்த்தது. அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு யாரிடம் போகிறாளோ அவனையும் பார்த்தது.

முருகையனுக்கு அக்கம்பக்கம் அமைதியானது புரியவில்லை. மேஸ்திரி இன்னும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து, வெறும் துணியைக் கையால் காட்டினான்.

"பாத்தீங்களா மேஸ்திரி? பாகுல உழுந்தான் பாருங்க. மூஞ்சியெல்லாம் பாகு" என்றான்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பாஞ்சாலை ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அவள் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, தோளைப் பிடித்தாள். படம் நின்னுபோச்சுய்யா என்று காதில் சொன்னாள். அவன் நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

மேஸ்திரி குனிந்து அவன் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார். பிறகு அவளைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். போன தையிலிருந்து என்றாள். ஒரு வருஷமாய் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாய் என்று கோபமாய்த்தான் ஆரம்பித்தார்; பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"கெணத்தங்கரை வழியாத்தானேம்மா தெனமும் போவான். கால் தவறி உழுந்திருந்தான்னா உனக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அவர் நடிக்கவில்லை. அதுதான் பாஞ்சாலைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் காலில் விழலாம், மண்ணை வாரித் தூற்றலாம். உண்மையாகவே அழுகிற மனுஷரை என்ன செய்வது?

புதுக் குச்சி மாற்ற நேரமாகும் என்றான் ஓடி வந்த ஆப்பரேட்டர். பக்தவச்சலம் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. இடைவேளையில் நடத்த வேண்டிய கூட்டத்தை இப்போதே நடத்திவிடலாம் என்று மைக்கைப் பிடித்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. யாருக்காக இந்தக் காட்சியோ, அப்படிப்பட்ட ஒருவர் நம் கண் முன்னாலேயே இருக்கிறார் என்றார். பார்வை போயும் ஒரு வருஷம் உழைத்த உத்தமர் என்றார். பையன்கள் இரண்டு பேர் முருகையனைக் கைத்தாங்கலாகத் திரைக்கு முன்னால் கொண்டுபோய், தோளைப் பிடித்துத் திருப்பி, கூட்டத்தைப் பார்க்க நிறுத்தினார்கள். டாக்டருக்கு என்று வாங்கி வைத்திருந்த சாமந்தி மாலையை டாக்டரே பெருந்தன்மையாக அவன் கழுத்தில் போட்டார். முதல் ஆபரேஷன் இவருக்குத்தான் என்றார். கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் சகாயமேரி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

பிறகு மேஸ்திரியைப் பேசச் சொன்னார்கள். அவருக்கு மைக் பழக்கமில்லை. வாயை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நம்ம முருகையன் இந்த வருசம் அளத்துக்கு வரவேணாம். அவன் பட்டது போதும். கண்ணு நல்லாவட்டும், வீட்டுல நெழல்ல இருக்கட்டும். அவன் பாத்திய வேற ஆளு பாத்துக்குவாங்க."

அதற்குத்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டல். டாக்டர் தட்டினார், வானூர் அதிகாரிகள் தட்டினார்கள், தங்கராசும் தட்டினான். முருகையன் மாலையோடு நின்றான். கும்பிட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். ஆண்கள் பக்கத்து மணலில் தனியாக நின்ற பாஞ்சாலைக்கு, இத்தனை நல்லவர்கள் கூடி ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கிறார்களே என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் அடுப்பை ஊதி அணைத்தவள் தான்தான் என்பதும் அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மீதிப் படத்துக்கு அவர்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள் என்று பக்தவச்சலமே இடம் காட்டினார். அவள் வேண்டாமென்று சொல்லி முருகையனை வெளியே அழைத்து வந்தாள். கொட்டாய்க்கு வெளியே முறுக்கு விற்கிற செல்லம்மாள் தவிர யாரும் இல்லை. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், வேலி ஓரமாக உட்கார்ந்தார்கள். உள்ளே புதுக் குச்சி பற்றிக்கொண்டதுபோல. விசிலும் பாட்டும் மறுபடி கிளம்பின.

முருகையன் கழுத்து மாலையின் பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"படம் நின்னப்ப என்னை யாரு மொதல்ல பாத்தது? மேஸ்திரியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவான், அவனுக்கு அவள் சொன்னதுதான் உலகம். அவள் சொன்ன வரப்பில் நடந்தான், அவள் சொன்ன இடத்தில் சிரித்தான். ஒரு வருஷமாய் ஊருக்கெல்லாம் பொய் சொன்ன பாஞ்சாலைக்கு, அவனிடம் ஒரு பொய் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

"யாரும் பாக்கலைய்யா. எல்லாரும் பின்னாடி திரும்பிக் கத்திக்கினு இருந்தாங்க. நான் செவுரு தாண்டி வந்தேன். என்னைத்தான் பாத்தாங்க. அப்பறம்தான் உன்னை."

"நீ வராம இருந்திருந்தா?"

"லைட்டை அணைச்சிருப்பாங்க. படம் ஓடியிருக்கும்."

"காலையில?"

"பாத்தி வாங்கியிருப்போம்."

அவன் தலையை ஆட்டினான். மாலையைக் கழற்றினான். கையால் துழாவி அவள் தலையைக் கண்டுபிடித்து, கொண்டையில் சிக்காமல் மெதுவாக, அவள் கழுத்தில் போட்டான்.

"இது உனக்குச் சேர வேண்டியது" என்றான்.

அவள் மாலையைக் கழற்றவில்லை. படம் விட்டு ஜனங்கள் வெளியே வந்தபோது, சாமந்தி மாலையோடு வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, புருஷனுக்குக் கண் கிடைக்கப்போகிற சந்தோஷம் என்று பேசிக்கொண்டே போனார்கள்.